டியூஷனுக்குப் போகும் பிள்ளை

மாலை ஐந்து மணி. பெங்களூரில் ஸ்ரீராமபுரம், அல்சூர், விவேக் நகர் என எந்தப் பகுதிக்கும் போய்ப் பாருங்கள். சந்துக்குச் சந்து பிள்ளைகள் நடந்து போவார்கள். தோளில் பை இருக்கும். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள்தான் மறுபடியும் கிளம்புகிறார்கள். எங்கே? டியூஷனுக்கு.

ஏன் நாம் டியூஷனுக்கு அனுப்புகிறோம்?

அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார். அல்லது நாலு வீட்டில் வேலை செய்கிறார். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அல்லது ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளை படிப்பது இங்கிலீஷும் கன்னடமும். நாமோ இப்போதுதான் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிறோம். வீட்டுப் பாடம் சொல்லித் தர ஆள் வேண்டும். நாம் வேலை முடிந்து வரும் வரை பிள்ளை ஓர் இடத்தில் பத்திரமாக இருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் டியூஷன் உதவுகிறது.

டியூஷன் நல்லதுதான். சொல்லித் தருபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். ஆனாலும் ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைக்கு யார் காவல்?

பள்ளி வேறு, டியூஷன் வேறு

பள்ளியில் ஓர் ஆசிரியர் மட்டும் இல்லை. தலைமை ஆசிரியர் இருக்கிறார். மற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆயா இருக்கிறார். கல்வி அதிகாரி வந்து பார்க்கிறார்.

அப்படிப்பட்ட பள்ளியிலும் தவறு நடந்தது உண்டு. 2014 ஜூலையில் பெங்களூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வயதுச் சிறுமிக்குக் கொடுமை நடந்தது. பெற்றோர்கள் திரண்டு தெருவுக்கு வந்து நியாயம் கேட்டார்கள். அதன் பிறகுதான் கேமரா வைக்க வேண்டும், வேலைக்கு எடுப்பவரை விசாரித்து எடுக்க வேண்டும் என்று பள்ளிகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பெற்றோர் கேட்டதால் வந்த கட்டுப்பாடுகள் அவை.

டியூஷன் வீட்டில் என்ன இருக்கிறது? ஓர் அறை. ஒரு பாய். சொல்லித் தரும் மிஸ் அல்லது சார். அவ்வளவுதான்.

2024 ஜனவரியில் மத்திய அரசு பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. ஆனால் அந்த விதிகள் 50 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மையங்களுக்கு உரியவை. நம் சந்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வீட்டுக்கு அவை வரவில்லை.

அப்படியானால் அந்த வீட்டை யார் கவனிப்பது? நாம்தான் கவனிக்க வேண்டும். தாய், தகப்பன், பாட்டி, எதிர் வீட்டுக்காரர், இவர்கள்தான் அங்கே அதிகாரி.

தெரிந்தவர்தானே என்று இருக்கலாமா?

"நமக்குத் தெரிந்தவர்தானே. நல்ல மனிதர்தானே" என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைக்குத் தீங்கு செய்பவன் முரட்டு மீசையோடு வருவான் என்றும் நினைக்கிறோம். உண்மை வேறு.

2007-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். அல்லது குழந்தை நம்பி இருந்தவர்கள்.

இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது. பெண் பிள்ளைகளைப் போலவே ஆண் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். "எனக்கு இருப்பது பையன்தானே, பயம் இல்லை" என்று இருந்துவிடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கவனமாக இருங்கள். நல்லவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சேர்ப்பதற்கு முன்னால்

பிள்ளையைச் சேர்க்கும் முன் டியூஷன் வீட்டுக்கு ஒரு முறை நேரில் போங்கள். சும்மா நின்றுவிட்டு வராதீர்கள். கேளுங்கள். இப்படிக் கேட்கலாம்:

"மிஸ், எங்க பாப்பாவைச் சேர்க்கணும். எங்க உட்கார வச்சுச் சொல்லித் தருவீங்க?"

"முன் ரூம்லதான் அக்கா. பத்துப் பசங்க வர்றாங்க."

"கதவு தெறந்திருக்குமா?"

"தெறந்துதான் இருக்கும். எதிர் வீட்டு அம்மாவுக்கு எல்லாம் தெரியும்."

"வீட்ல வேற யார் யார் இருக்காங்க மிஸ்?"

"அம்மா இருக்காங்க. தம்பி ஏழு மணிக்கு வேலை முடிஞ்சு வருவான்."

"நான் நடுவுல எப்பவாச்சும் வந்து எட்டிப் பார்ப்பேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"தாராளமா வாங்க அக்கா."

இப்படிப் பதில் வந்தால் நிம்மதி. "பிள்ளையை அனுப்பிட்டா எங்கிட்ட விட்டுடணும், சும்மா சும்மா வரக் கூடாது" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இன்னும் சில விஷயங்களைக் கவனியுங்கள்:

பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்களா? ஒரு பிள்ளையை மட்டும் தனியாக உள் அறைக்கோ மாடிக்கோ கூட்டிப் போகக் கூடாது.

கழிப்பறை எங்கே இருக்கிறது? தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? சின்னப் பிள்ளைக்கு உதவி வேண்டுமானால் யார் உதவுவார்கள்?

கரண்ட் போனால் என்ன செய்வார்கள்? பிள்ளைகளை வாசலுக்கு வரச் சொல்வது நல்லது.

எல்லோரும் போன பிறகும் ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவைக்கும் பழக்கம் இருக்கிறதா? "ஸ்பெஷல் கிளாஸ்" என்றால் இன்னும் இரண்டு பிள்ளைகளாவது கூட இருக்கட்டும்.

செல்போனில் டியூஷன் நடந்தாலும் இதே கவனம் வேண்டும். பிள்ளை கூடத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். இயர்போன் வேண்டாம். பேச்சு வீட்டில் இருப்பவர் காதிலும் விழட்டும். இரவில் சார் தனியாக மெசேஜ் அனுப்பினால் அதைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும். "இதை அழித்துவிடு" என்று யார் சொன்னாலும் அது ஆபத்தின் அடையாளம்.

தீங்கு எப்படித் தொடங்குகிறது?

தீங்கு பெரும்பாலும் அன்பு போலத்தான் தொடங்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் சாக்லேட். ஒரு பிள்ளைக்கு மட்டும் செல்போனில் விளையாட அனுமதி. "உன்கிட்ட ஃபீஸ் வாங்க மாட்டேன்" என்று பேச்சு. பிறகு மடியில் உட்கார வைப்பது. தட்டிக் கொடுப்பது போலத் தொடுவது. கடைசியில் "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், அம்மாகிட்டச் சொல்லாதே" என்பது.

நமக்கு ஃபீஸ் கட்டுவது கஷ்டம்தான். யாராவது இலவசமாகச் சொல்லித் தந்தால் நன்றியோடு இருப்போம். அந்த நன்றியே நம் வாயை அடைத்துவிடக் கூடாது. இலவசமாகப் படித்தாலும் நம் பிள்ளை நம் பிள்ளைதான். கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அடித்தால் படிப்பு வருமா?

"கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல அடிங்க சார்." இது நம் ஊர்ப் பெற்றோர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. நம் அப்பா அம்மாவும் சொன்னார்கள். இனிமேல் அதைச் சொல்ல வேண்டாம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. மனம் நோகும்படி நடத்துவதையும் தடை செய்துவிட்டது. பள்ளியில் கூடாத அடி டியூஷனில் மட்டும் எப்படி ஆகும்?

அடிக்கு நாமே அனுமதி கொடுத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. "சார் என்ன செய்தாலும் அம்மா அவர் பக்கம்தான்" என்று பிள்ளை நினைத்துவிடும். பிறகு எது நடந்தாலும் நம்மிடம் சொல்லாது. அதனால் டியூஷனில் சேர்க்கும்போதே, பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லுங்கள்: "படிக்கலைன்னா எங்கிட்டச் சொல்லுங்க மிஸ். அடிக்க வேண்டாம்."

போகும் வழியும் வரும் வழியும்

டியூஷன் வீடு நல்ல வீடாக இருக்கலாம். வழியிலும் கவனம் வேண்டும். பெங்களூரில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

2024 ஜனவரியில் ஒயிட்பீல்டு பகுதியில் 12 வயதுப் பையனை அவன் அப்பா டியூஷனில் விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் பையன் வெளியே போய்விட்டான். பெற்றோர் தவித்துப் போனார்கள். பையனின் படம் செல்போன்களில் பரவியது. மூன்றாம் நாள் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பெண் அவனை ஐதராபாத் மெட்ரோ ரயில் நிலையத்தில் பார்த்து அடையாளம் கண்டார். பையன் பத்திரமாகக் கிடைத்தான்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2025 ஜூலை 30 மாலை. அரகெரே பகுதியில் 13 வயதுப் பையன் ஒருவன் டியூஷனுக்குப் போனான். வீடு திரும்பவில்லை. பணம் கேட்டு அவனைக் கடத்தியிருந்தார்கள். மறுநாள் அவன் உடல்தான் கிடைத்தது. போலீசார் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவர் முன்பு அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டியவர்.

இந்தச் சம்பவங்களிலிருந்து நாம் என்ன செய்யலாம்?

டியூஷன் மிஸ்ஸிடம் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிள்ளை வரவில்லை என்றாலோ, சீக்கிரம் கிளம்பினாலோ உடனே போன் செய்ய வேண்டும். பிள்ளை பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் வழி என்றால், கால் மணி நேரம் ஆனதும் தேட வேண்டும். பிள்ளை காணவில்லை என்றால் போலீசுக்குச் சொல்லக் காலையில் வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே சொல்லுங்கள்.

ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரட்டும். நாலு வீட்டுப் பெற்றோர்கள் முறை வைத்துக்கொண்டு கூட்டிவரலாம். இன்று நீங்கள், நாளை அவர்.

"அம்மாதான் என்னை அனுப்பினாங்க, வா போகலாம்" என்று தெரிந்தவரே கூப்பிட்டாலும் பிள்ளை போகக் கூடாது. வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைச் சொல்பவரோடு மட்டும் பிள்ளை போகட்டும்.

பிள்ளையிடம் என்ன பேசுவது?

இதைப் பேச நமக்குக் கூச்சம். ஆனால் சொல்லித் தர வேண்டியது மூன்றே விஷயம்தான். சோறு ஊட்டும்போதோ தலை வாரும்போதோ சொல்லலாம்.

ஒன்று: "உன் உடம்பு உன்னுடையது. ஜட்டி போடும் இடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது. அவங்க இடத்தைத் தொடச் சொல்லவும் கூடாது. டாக்டர் பார்த்தாலும் அம்மா பக்கத்துல இருப்பேன்."

இரண்டு: "யாராவது அப்படிச் செஞ்சா 'வேண்டாம்'னு சத்தமா சொல்லு. எழுந்து வெளியே ஓடி வா. சார்கிட்டக் கேட்காம வந்தாலும் பரவாயில்லை."

மூன்று: "அம்மாகிட்டச் சொல்லக் கூடாத ரகசியம்னு எதுவும் கிடையாது. உன்னால வேண்டாம்னு சொல்ல முடியாமப் போனாலும் தப்பு உன் மேல இல்லை. நான் திட்ட மாட்டேன்."

தினமும் "படிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இன்னைக்கு டியூஷன்ல யார் பக்கத்துல உட்கார்ந்தே? என்ன விளையாடினீங்க?" என்றும் கேளுங்கள். பேசிப் பழகிய பிள்ளைதான் கஷ்டம் வரும்போதும் பேசும்.

பிள்ளை வாயால் சொல்லாததை உடம்பும் நடத்தையும் சொல்லும். ஆசையாகப் போன பிள்ளை திடீரென்று டியூஷன் வேண்டாம் என்று அழலாம். வயிற்று வலி என்று சொல்லலாம். இரவில் திடுக்கிட்டு எழலாம். படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம். காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் "சோம்பேறி, படிக்கக் கள்ளம்" என்று அடித்து அனுப்பாதீர்கள். முதலில் கேளுங்கள்.

பிள்ளை சொல்லிவிட்டால்

நம்புங்கள். இதுதான் முதல் மருந்து. "நீ ஏன் அங்க போனே? ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது கண்ணு. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவாதீர்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

பிறகு போன் செய்யுங்கள். எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று நினைவில் வையுங்கள். இது குழந்தைகளுக்கான உதவி எண். 1996-இல் மும்பையில் தொடங்கியது. 2023 முதல் அரசே நடத்துகிறது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். காசு இல்லை. பிள்ளையே கூடப் பேசலாம். உடனே போலீஸ் வேண்டுமென்றால் 112.

சந்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, கொஞ்சம் பணம் கொடுத்து, "விஷயத்தை இத்தோடு விடுங்க" என்று சொல்லலாம். ஒப்புக்கொள்ளாதீர்கள். விட்டால் அடுத்த பிள்ளைக்கும் அதுவே நடக்கும்.

சட்டம் நம் பக்கம்

2012-இல் குழந்தைகளுக்காகவே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் போக்சோ சட்டம் என்று பெயர். 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் இதில் குழந்தைகள்தான். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் பொருந்தும். சொல்லித் தருபவர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் தவறு செய்தால் தண்டனை இன்னும் கடுமை. இந்தச் சட்டம் சொல்வதைப் பாருங்கள்:

குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது கடமை. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை வரலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.

பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். முடிந்தவரை பெண் சப் இன்ஸ்பெக்டர் வர வேண்டும். போலீஸ் உடுப்பில் வரக் கூடாது. தாயோ தகப்பனோ கூட இருக்கலாம்.

பிள்ளைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும். நாம் இருப்பது கர்நாடகம். போலீஸ் நிலையத்தில் கன்னடத்தில் எழுதுவார்கள். "என் பிள்ளைக்குத் தமிழ்தான் தெரியும்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையை இரவில் போலீஸ் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். அவசர சிகிச்சை இலவசம். போலீஸ் கடிதம் வேண்டும் என்று மருத்துவமனை கேட்கக் கூடாது.

பிள்ளையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் பத்திரிகையிலும் டிவியிலும் வெளியிடக் கூடாது. "ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும்" என்ற பயத்துக்குச் சட்டம் தரும் பதில் இது.

உடம்பு ஆறினாலும் மனக் காயம் ஆற நாளாகும். ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

டியூஷன் எடுக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்

நம் தெருவில் காலேஜ் படித்துக்கொண்டே டியூஷன் எடுப்பவர்கள் பலர். உங்களுக்கும் சில வார்த்தைகள்.

கதவைத் திறந்து வையுங்கள். யார் வந்தார், எப்போது போனார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரையும் தனியாக நிறுத்தாதீர்கள். பிள்ளைகளின் படத்தைச் செல்போனில் போடாதீர்கள். பெற்றோரிடம் பேச வேண்டியதைப் பிள்ளையிடம் மெசேஜில் பேசாதீர்கள். உங்கள் அண்ணன், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் வகுப்பு நேரத்தில் பிள்ளைகளோடு தனியாக இருக்க விடாதீர்கள். திறந்த கதவு பிள்ளையைக் காக்கும். உங்கள் நல்ல பெயரையும் காக்கும்.

வீட்டிலும் அடி வாங்கும் பிள்ளை, பசியோடு வரும் பிள்ளை, பேசாமல் ஒதுங்கும் பிள்ளை உங்கள் கண்ணில்தான் முதலில் படும். கேளுங்கள். தேவைப்பட்டால் 1098-க்குச் சொல்லுங்கள்.

எழுதுவோம்

நமக்கு இப்போது எழுதத் தெரியும். அதை இன்றே பயன்படுத்துவோம். ஒரு காகிதத்தில் இவற்றை எழுதிச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்:

டியூஷன் மிஸ் அல்லது சார் பெயர்.
வீட்டு முகவரி.
போன் எண்.
போகும் நேரம். வரும் நேரம்.
கூடப் போகும் பிள்ளைகளின் பெயர். அவர்கள் அம்மாக்களின் போன் எண்.
குழந்தை உதவி எண்: 1098. அவசர உதவி: 112.

பிள்ளைக்கும் உங்கள் போன் எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

பேசுவோம்

1. உங்கள் பிள்ளை போகும் டியூஷன் வீட்டுக்குள் கடைசியாக எப்போது போனீர்கள்?
2. பிள்ளைகளைக் கூட்டிவர உங்கள் தெருவில் யார் யார் முறை வைத்துக்கொள்ளலாம்?
3. "அம்மாகிட்டச் சொல்லாதே" என்று யாராவது சொன்னால் உங்கள் பிள்ளை என்ன செய்யும்? இன்று இரவு கேட்டுப் பாருங்கள்.